அளவுகோல் அவர்கள் விரல்

அக்குபங்சர் படிப்பவர்களுக்குத் தொடக்கத்திலேயே சொல்லித் தரும் பாடம் ஒன்று உண்டு. முழங்காலுக்குக் கீழே மூன்று சுன் தள்ளி, முன்னெலும்பின் வெளிப்பக்கத்தில் ஒரு விரல் அகலம் விலகி, எஸ்.டி 36 என்ற புள்ளி இருக்கிறது. அந்த மூன்று சுன்னை ஸ்கேலால் அளக்கக் கூடாது, நம் விரலாலும் அளக்கக் கூடாது. நோயாளியின் கட்டைவிரல் அகலம்தான் அவருக்கு ஒரு சுன். அவருடைய நான்கு விரல்களைச் சேர்த்து வைத்தால் மூன்று சுன். ஆள் மாறினால் அளவும் மாறும்.

இந்தப் பாடம் புள்ளிக்கு மட்டுமானதல்ல என்பது நேபாளத்தின் மக்வான்பூர் மாவட்டத்தில்தான் எனக்கு உறைத்தது. பாலுங் பள்ளத்தாக்கை ஒட்டிய ஒரு மலையூரில் தொண்டு சிகிச்சை செய்யப் போயிருந்தேன். உருளைக்கிழங்கும் முள்ளங்கியும் காலிஃபிளவரும் விளையும் ஊர். தமாங், நேவார் மக்கள் என்னைத் ‘தீதி’ என்று அழைத்தார்கள். அக்கா என்று பொருள். இன்று எனக்கு அறுபத்தெட்டு வயது. வெளிநாட்டுக்குத் தொண்டு செய்யப் போக விரும்பும் தம்பி தங்கைகள் அடிக்கடி யோசனை கேட்டு வருகிறார்கள். அவர்களுக்குச் சொல்வதையே இங்கே எழுதுகிறேன்.

1. கை தேறிய பிறகு கிளம்புங்கள்.

வசதியற்ற ஊர் நாம் பழகிப் பார்க்கும் இடம் அல்ல. மருத்துவர் அல்லாதவர் முழுப் பயிற்சி பெற 2,500 மணி நேரம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 1999இல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. இலவச சிகிச்சைதானே, தெரிந்த அளவு போதும் என்று நினைப்பது ஏழையை அவமதிப்பது. நம் ஊரில் சந்தேகம் வந்தால் அடுத்த அறையில் மூத்தவர் இருப்பார், அடுத்த தெருவில் ஸ்கேன் இருக்கும். அங்கே இரண்டும் இராது. எனவே அங்கே போகிறவருக்குத்தான் அனுபவம் கூடுதலாக வேண்டும். படிப்பு முடித்து இரண்டு வருடமாவது ஒரு மூத்தவரின் கண் பார்வையில் வேலை செய்துவிட்டுப் போங்கள்.

2. அனுமதியை எழுத்தில் வாங்குங்கள்.

நம் மத்திய அரசு 2019இல் அக்குபங்சரைத் தனி மருத்துவ முறையாக ஏற்றுக்கொண்டது. அந்த ஏற்பு எல்லை தாண்டாது. இந்தியர் நேபாளம் போக விசா வேண்டாம்தான், ஆனால் உள்ளே நுழைவதற்கான உரிமை வேறு, ஊசி போடுவதற்கான உரிமை வேறு. சம்பளம் வாங்காவிட்டாலும் அது மருத்துவப் பணியே. அழைக்கும் அமைப்பு உள்ளூர் ஆட்சியிடமும் சுகாதாரத் துறையிடமும் அனுமதி பெற்றிருக்கிறதா என்று கேளுங்கள். காகிதத்தைக் காட்டத் தயங்கினால் போகாதீர்கள். ஊரில் இறங்கிய முதல் நாளே அங்குள்ள அரசு சுகாதார நிலையத்துக்குப் போய் அறிமுகம் செய்துகொள்ளுங்கள். பிறகு நோயாளிகளை அனுப்பப் போவது அவர்களிடம்தான்.

3. அவர்கள் காலண்டரைப் பார்த்து டிக்கெட் எடுங்கள்.

நமக்கு எப்போது லீவு கிடைக்கிறது என்பதைவிட அவர்களுக்கு எப்போது நேரம் இருக்கிறது என்பதே முக்கியம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. மண்சரிவு பாதையை மூடிவிடும், வயலில் வேலையும் கனத்திருக்கும். தசைன் பண்டிகையின்போது ஊர் முழுக்க உறவினர் வீடுகளில் இருக்கும். நாள்பட்ட வலிக்கு ஒரு தடவை ஊசி போட்டுவிட்டு வருவது சிகிச்சையாகாது. ஒருவரைப் பல முறை பார்த்து, மாற்றத்தைக் கவனித்து, முறையைத் திருத்த வேண்டும். ஆறு வாரம் தங்க முடியாதவர்கள் போவதை ஒத்திவையுங்கள்.

4. வலி எங்கே பிறக்கிறது என்று நடந்துபோய்ப் பாருங்கள்.

ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு அம்மா கழுத்து வலியோடு வந்தார். மூன்று முறை சிகிச்சை செய்தேன். ஒவ்வொரு முறையும் இரண்டு நாள் நன்றாக இருந்து, மூன்றாம் நாள் வலி திரும்பியது. என்ன வேலை செய்கிறீர்கள் என்று நான்காம் முறை கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. வெளியே போய்த் தன் கூடையை எடுத்து வந்தார். ‘டோக்கோ’ என்கிற மூங்கில் கூடை. அது முதுகில் இருக்கும், அதைத் தாங்கும் ‘நாம்லோ’ என்கிற பட்டையோ நெற்றியில் இருக்கும். பட்டையை என் நெற்றியில் மாட்டி, கூடையில் பாதி விறகைப் போட்டு, நட என்று சைகை காட்டினார். பத்தடி நடந்தேன். கழுத்தின் பின்பக்கம், மண்டையோட்டு விளிம்பில், அவர் விரல் வைத்துக் காட்டிய அதே இடத்தில் எனக்கும் பிடித்துக்கொண்டது.

சுமை தூக்காதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த விறகு இல்லாமல் அடுப்பு எரியாது. பாதி பாதியாக இரண்டு நடை கொண்டுவரலாமே என்றேன். காட்டுக்குப் போய்வர நான்கு மணி நேரம் ஆகும் என்றார். கடைசியில் பட்டைக்கு உள்ளே மடித்த துணியைத் தைத்து அகலமாக்கினோம். வழியில் சௌதாரிகள் இருந்தன. அரசும் ஆலும் நிற்கும் கல்மேடைகள் அவை. முதுகுச் சுமையைக் குனியாமல் இறக்கிவைக்கும் உயரத்தில் படி கட்டியிருப்பார்கள். நம் ஊர்ச் சாலையோரச் சுமைதாங்கிக் கல்லும் இதற்காகத்தானே எழுந்தது! ஒரு சௌதாரியையும் தாண்டிப் போகாமல் ஒவ்வொன்றிலும் இறக்கிவைத்து, கழுத்தை மெதுவாக இருபுறமும் திருப்பச் சொன்னேன். ஊசியும் தொடர்ந்தது. அதன் பிறகுதான் வலி குறைந்த நாட்கள் நீண்டன.

5. வலிக்கான சொற்களை முதலில் கற்றுக்கொள்ளுங்கள்.

வணக்கம், நன்றியைவிட இவை அவசரம். வலிக்கிறது என்றால் ‘துக்ச’, எரிகிறது என்றால் ‘போல்ச’. மரமரப்புக்கு ‘ஜம்ஜம்’, தலைசுற்றலுக்கு ‘ரிங்கடா’, இடுப்புக்கு ‘கம்மர்’. வலியும் எரிச்சலும் மரமரப்பும் வேறு வேறு சிகிச்சையைக் கேட்பவை. மொழிபெயர்ப்பவர் எல்லாவற்றையும் வலி என்று சுருக்கிவிட்டால் நாம் தவறான இடத்தில் ஊசி வைப்போம். பேசும்போது நோயாளியின் முகத்தைப் பாருங்கள், மொழிபெயர்ப்பவர் முகத்தை அல்ல.

மொழி கற்றுத் தொண்டு செய்தவர் நமக்கு முன்பே உண்டு. 1938இல் இந்தியாவிலிருந்து ஐந்து மருத்துவர்கள் போர்க்காலச் சீனாவுக்குத் தொண்டு செய்யப் போனார்கள். அவர்களில் சோலாப்பூரைச் சேர்ந்த துவாரகநாத் கோட்னிஸ் சீன மொழியைக் கற்று அந்த மக்களில் ஒருவராகவே ஆகி, 1942இல் அங்கேயே இறந்தார். அதே குழுவில் போன பி.கே. பாசு 1950களின் இறுதியில் மீண்டும் சீனா சென்று அக்குபங்சர் கற்றுக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். நம் கையிலுள்ள ஊசியே அப்படி ஒரு தொண்டுப் பயணத்தின் தொடர்ச்சியாக வந்தது என்பதை மறக்க வேண்டாம்.

6. பெண்கள் சொல்லாமல் விடுவதைக் கேட்க வழிசெய்யுங்கள்.

இடுப்பு வலி என்று வரும் பெண்களில் சிலருக்குக் கருப்பை இறங்கியிருக்கும். பிரசவம் முடிந்த சில நாட்களிலேயே சுமை தூக்கியது அதற்கு ஒரு காரணம். உள்ளூர் ஆண் மொழிபெயர்த்தால் அந்தப் பேச்சு வாயிலிருந்து வராது. நேபாளத்தில் 1988 முதல் மகளிர் சமூக சுகாதாரத் தொண்டர்கள் இருக்கிறார்கள். நாடு முழுக்க சுமார் 50,000 பேர். அவர்களில் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு, திரைச்சீலைக்குப் பின்னால் கேளுங்கள். இறங்கிய கருப்பையை ஊசி மேலேற்றாது. அதற்கான மருத்துவரிடம் அனுப்பிவையுங்கள். கர்ப்பமா என்பதையும் தவறாமல் கேளுங்கள். எல்.ஐ 4, எஸ்.பி 6 ஆகிய புள்ளிகளைக் கர்ப்பிணிகளுக்குத் தவிர்ப்பது நம் மரபு.

7. ஊசியை எண்ணிப் போட்டு எண்ணி எடுங்கள்.

ஒரு நாள் கூட்டம் அதிகம். ஒரு பெரியவரின் உச்சந்தலையில் வைத்த ஊசியை எடுக்க மறந்துவிட்டேன். வீட்டுக்குப் போய்த் தொப்பியைக் கழற்றியபோது கையில் தட்டியிருக்கிறது. மறுநாள் ஒரு மணி நேரம் ஏறி வந்து, அந்த ஊசியைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார். கோபப்படவே இல்லை. அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அன்றிலிருந்து எத்தனை ஊசி என்று சீட்டில் எழுதாமல் நான் தொடங்கியதில்லை.

ஒருவருக்குப் போட்ட ஊசி இன்னொருவருக்குக் கிடையாது. கையிருப்பு தீர்ந்தால் அன்றைய சிகிச்சை முடிந்தது. கழிவு ஊசிகளைக் கெட்டியான டப்பாவில் போட்டு, அது முக்கால் பங்கு நிறைந்ததும் மூடிவிட வேண்டும். அதை எங்கே எரிப்பது, எங்கே புதைப்பது என்று முதல் நாளே முடிவு செய்யுங்கள். வெறுங்காலோடு வேலை செய்யும் வயலில் ஒரு ஊசிகூட விழக் கூடாது. மெலிந்த உடம்பில் தோளிலும் மேல்முதுகிலும் ஆழம் போகாதீர்கள். நுரையீரல் நாம் நினைப்பதைவிட அருகில் இருக்கிறது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை ஊரிலேயே போட்டுக்கொண்டு போங்கள்.

8. சாப்பிட்டார்களா என்று கேளுங்கள்.

அங்கே காலையில் டீ மட்டும்தான். பருப்பும் சோறும் பத்து மணி வாக்கில்தான். எட்டு மணிக்கு வந்து உட்காருபவர் வெறும் வயிற்றோடு மலையேறி வந்தவர். ஊசி வைத்ததும் முகம் வெளுத்து வியர்த்தால், உடனே எல்லா ஊசிகளையும் எடுத்துப் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். தெளிந்த பின் சர்க்கரை போட்ட டீ கொடுங்கள். என் இரண்டாவது வாரத்திலிருந்து வாசலில் பிஸ்கட் டின் ஒன்று இருந்தது.

9. ஊசி போடக் கூடாத நோயாளியை அடையாளம் காணுங்கள்.

நாற்பது வயதுக்காரர் ஒருவர் முதுகுவலி என்று வந்தார். எடை குறைந்திருந்தது, மாலையில் காய்ச்சல், இரவில் வியர்வை. முதுகெலும்பில் ஓரிடத்தைத் தட்டியதும் துடித்தார். நான் ஊசியைத் திறக்கவில்லை. மாவட்டத் தலைநகர் ஹெடௌடாவுக்கு அனுப்பிவைத்தோம். முதுகெலும்புக் காசநோய் என்று தெரிந்தது, அரசு தரும் இலவச மருந்து தொடங்கியது. நான் ஊசி போட்டு வலியைக் கொஞ்சம் தணித்திருந்தால் அவர் இன்னும் சில மாதம் காலம் கடத்தியிருப்பார், கால்கள் செயலிழந்திருக்கலாம். இரண்டு வாரம் தாண்டிய இருமல், காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, முதுகுவலியோடு சிறுநீர் கட்டுப்பாடு இழத்தல், திடீரென முகமோ கையோ இழுத்துக்கொள்ளுதல் ஆகிய எதைப் பார்த்தாலும் ஊசியைக் கீழே வைத்துவிட்டு வண்டி தேடுங்கள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். காசநோய், ரத்த அழுத்தம், சர்க்கரை, வலிப்பு ஆகியவற்றின் மாத்திரையை நிறுத்தச் சொல்லும் உரிமை நமக்கு இல்லை. இங்கும் இல்லை, அங்கும் இல்லை.

10. முடிந்ததை மட்டும் சொல்லுங்கள்.

39 ஆய்வுகளில் பங்கேற்ற 20,827 நோயாளிகளின் விவரங்களைத் திரட்டி 2018இல் வந்த ஆய்வு, நாள்பட்ட முதுகு, கழுத்து, தோள் வலி, மூட்டுத் தேய்மானம், தலைவலி ஆகியவற்றுக்கு அக்குபங்சர் பயன் தருகிறது என்று காட்டியது. போலி ஊசி சிகிச்சையோடு ஒப்பிட்டால் வித்தியாசம் சிறியதே. இதை மறைக்காமல் சொல்வதில் நமக்குக் குறைவில்லை. மூட்டு வலிக்கும் முதுகு வலிக்கும் மலையூரில் வேறு என்ன கிடைக்கிறது? கடையில் வாங்கி வயிறு புண்ணாகும்வரை விழுங்கும் வலி மாத்திரை. அந்த மாத்திரையைப் பாதியாகக் குறைக்க உதவினாலே பெரிய வேலை. எல்லா நோயும் தீரும் என்று சொல்லாதீர்கள். மலையேறி வருபவர் உங்கள் சொல்லை நம்பித்தான் ஏறுகிறார்.

11. அங்கே விளைவதைக் கொண்டு வேலை செய்யுங்கள்.

புள்ளியில் சூடு காட்ட எரிப்பதற்காக நாம் பெட்டியில் சுமந்து போகும் மாக்சா எந்தச் செடியினத்திலிருந்து வருகிறதோ, அந்த இனம் அங்கே வரப்போரம் மண்டிக்கிடக்கிறது. அவர்கள் அதைத் ‘தீதேபாத்தி’ என்பார்கள், பூஜைக்கும் வைப்பார்கள். நம் மாசிப்பத்திரியும் அதே குடும்பம். அவர்கள் செடியையே காயவைத்து இடித்துச் சலித்துப் பஞ்சாக்கக் காட்டிக்கொடுத்தேன். ஆனால் விறகுப் புகையில் இருமும் நுரையீரல்கள் அந்த ஊரில் அதிகம். மூடிய அறையில் புகை போடாதீர்கள், திண்ணைக்கு வாருங்கள்.

12. திரும்பும்போது தேறிய கை ஒன்றை அங்கே விட்டுவிட்டு வாருங்கள்.

ஒவ்வொரு நோயாளிக்கும் சீட்டு எழுதுங்கள், அடுத்து வருபவருக்குப் புரியும்படி. படுத்திருப்பவரைப் போட்டோ எடுக்காதீர்கள். பரிசும் பணமும் தனியாகக் கொடுக்காதீர்கள். ஓர் உள்ளூர்ச் சுகாதாரப் பணியாளரை முதல் நாளிலிருந்தே பக்கத்தில் நிற்கவைத்துக் கற்றுக்கொடுங்கள். அவர் முறையாகப் படிக்க விரும்பினால் கட்டணத்தில் பங்கெடுங்கள். நம் விமானச் செலவைவிட அது நீண்ட நாள் பயன் தரும்.

நோயாளிகளுக்கும் ஒன்றைக் கற்றுத்தரலாம். கடைசி வாரத்தில் அந்த நாம்லோ அம்மாவுக்கு முழங்காலும் வலித்தது. எஸ்.டி 36ஐத் தினமும் தானே அழுத்திக்கொள்ளக் காட்டினேன். அவர் தன் நான்கு விரல்களை முழங்காலுக்குக் கீழே வைத்தார், இடத்தைக் கண்டுபிடித்தார், அழுத்தினார். பிறகு பக்கத்து வீட்டுக்காரியின் கையை இழுத்து, அவள் விரலை அவள் காலில் வைத்து அளந்து காட்டினார்.

தம்பி தங்கைகளே, போக மனம் வந்தால் தாராளமாகப் போங்கள். நன்றாகப் படித்துவிட்டு, அழைப்போடும் அனுமதியோடும் போங்கள். ஆறு வாரம் இருங்கள். எதை அளந்தாலும் அவர்கள் விரலால் அளங்கள்.