விமான கம்பெனி தள்ளாடுகிறதா? சம்பளம் நிற்பதற்கு முன்பே செய்ய வேண்டியவை

“நம்ம கம்பெனி தப்பிச்சிடுமா?” சம்பளம் தள்ளிப்போகத் தொடங்கிய எந்த விமான நிறுவனத்திலும் க்ரூ வேனில், ஹேங்கரில், செக்-இன் கவுன்டருக்குப் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும் கேள்வி இது. கவலை நியாயமானது. ஆனால் உள்ளே வேலை பார்ப்பவரால் இதற்குப் பதில் கண்டுபிடிக்க முடிந்ததே இல்லை.

2014 டிசம்பரில் எண்ணெய் நிறுவனங்கள் கடனுக்கு எரிபொருள் தர மறுத்ததும் ஸ்பைஸ்ஜெட் விமானங்கள் பல மணி நேரம் தரையில் நின்றன. கதை முடிந்தது என்றே பலரும் நினைத்தார்கள். அடுத்த மாதம் கலாநிதி மாறன் தரப்பிடமிருந்து அஜய் சிங் கைக்கு மாறும் ஏற்பாடு வந்தது, கம்பெனி பிழைத்தது. ஜெட் ஏர்வேஸ் 1993 முதல் பறந்த நிறுவனம். இவ்வளவு பெரிய கம்பெனியை வங்கிகள் கைவிடாது என்று அங்கே வேலை பார்த்த பலர் கடைசி வாரம் வரை நம்பினார்கள். 2019 ஏப்ரல் 17 இரவு அமிர்தசரஸிலிருந்து மும்பை வந்திறங்கிய விமானத்தோடு அதன் சேவை நின்றது. கோ ஃபர்ஸ்ட் இன்னும் வேகம்: 2023 மே 2 அன்று திவால் மனு, மறுநாள் முதல் விமானம் இல்லை.

ஏன் இத்தனை திடீரென்று? பெரும்பாலான விமானங்கள் குத்தகைக்கு எடுத்தவை. எரிபொருள், தரையிறங்கும் கட்டணம், உதிரிபாகம் எல்லாவற்றுக்கும் அன்றாடம் பணம் போக வேண்டும். அந்தப் பணத்தில் பெரும்பகுதி, இன்னும் பறக்காத பயணிகள் முன்கூட்டியே டிக்கெட்டுக்குக் கட்டியது. “இந்த கம்பெனி நிற்காது” என்ற பேச்சு வெளியே பரவியதும் முன்பதிவு வறண்டுவிடும். குத்தகைக்காரர்கள் விமானத்தைத் திருப்பிக் கேட்பார்கள். தொழிற்சாலை மூடுவதைப் போல மாதக்கணக்கில் இழுக்காது.

அதனால் கம்பெனியின் எதிர்காலத்தைக் கணிப்பதில் ராத்தூக்கத்தைத் தொலைக்காதீர்கள். “நாளைக்கே நின்றுபோனால் என் கையில் என்ன இருக்கும்?” என்று கேளுங்கள். அந்தப் பதிலை மாற்றுவது உங்களால் முடியும்.

எந்த அறிகுறியை நம்புவது?

வாட்ஸ்அப் குழுவில் வரும் “புது முதலீட்டாளர் வந்துட்டாரு” செய்திகளை ஒதுக்குங்கள். உங்கள் பி.எஃப். பாஸ்புக்கைப் பாருங்கள். ஒவ்வொரு மாதத்துக்கும் உரிய பி.எஃப். தொகையை அடுத்த மாதம் 15-ம் தேதிக்குள் நிறுவனம் கட்டியாக வேண்டும். சம்பளச் சீட்டில் பிடித்த பணம் பாஸ்புக்கில் ஏறவில்லை, அதுவும் தொடர்ந்து இரண்டு மாதம் ஏறவில்லை என்றால், நிர்வாகம் எந்தக் கூட்டத்தில் என்ன சொன்னாலும் நிலைமை மோசம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். வருமான வரிக் கணக்கின் 26ஏ.எஸ். படிவத்தையும் அதே நாளில் திறந்து பாருங்கள். 2012-ல் நின்றுபோன கிங்ஃபிஷர் விமான நிறுவனத்தில் சம்பளத்தில் பிடித்த வரி அரசுக்குப் போய்ச் சேரவே இல்லை. ஊழியர்களுக்கு அது பின்னால் பெரிய தலைவலியானது.

மற்ற அறிகுறிகள் வேலையிடத்திலேயே தெரியும். எரிபொருள் நிறுவனமோ விமான நிலையமோ “காசு கட்டினால்தான்” என்ற நிலைக்கு வருவது. நிற்கும் விமானத்தின் பாகத்தைக் கழற்றிப் பறக்கும் விமானத்தில் பூட்டுவது வழக்கமாகிவிடுவது. நிதித் தலைமை அதிகாரியோ தணிக்கையாளரோ திடீரென விலகுவது. குத்தகைக்காரர்கள் விமானப் பதிவை நீக்கக் கோரி விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டி.ஜி.சி.ஏ.விடம் போவது. பங்குச்சந்தையில் உள்ள கம்பெனி என்றால் காலாண்டு முடிவோடு வரும் தணிக்கைக் குறிப்பைப் படியுங்கள். நிறுவனம் தொடர்ந்து இயங்குவது சந்தேகம் என்று அதில் எழுதியிருந்தால் அது சடங்கு வார்த்தை என்று தள்ளிவிடாதீர்கள்.

சம்பளம் யாருக்கு முதலில் வருகிறது என்பதும் ஒரு குறிப்புதான். ஜெட்டில் 2019 தொடக்கத்தில் பைலட், இன்ஜினீயர், மூத்த அதிகாரிகளின் சம்பளம் முதலில் நின்றது, மற்றவர்களுக்கு வந்துகொண்டிருந்தது. “எனக்கு வருகிறதே” என்று அப்போது ஆறுதல்பட்டவர்களுக்கும் சில வாரங்களில் நின்றது.

இந்த வாரமே எடுத்து வைக்க வேண்டிய காகிதங்கள்

கம்பெனி நின்ற சில நாட்களில் ஊழியர் போர்ட்டல் திறக்காது, அலுவலக மெயில் வேலை செய்யாது, ஹெச்.ஆரில் போன் எடுக்க ஆள் இருக்காது. வேலை கேட்டுப் போகிற இடத்திலும் பாக்கியைக் கேட்டுப் போகிற இடத்திலும் முதலில் கேட்பது காகிதத்தைத்தான். நியமனக் கடிதம், சம்பள உயர்வுக் கடிதங்கள், குறைந்தது மூன்று வருட பேஸ்லிப், எல்லா ஃபார்ம் 16-ம், விடுப்பு இருப்பு, கொடுக்க வேண்டிய அலவன்ஸ் கணக்கு, பயிற்சிச் சான்றிதழ்கள், பாண்ட் ஒப்பந்தத்தின் நகல். இவற்றை இறக்கி உங்கள் சொந்த மெயிலில் வையுங்கள். உங்களைப் பற்றிய ஆவணங்களை மட்டும் எடுங்கள். கம்பெனியின் ரகசிய ஆவணத்தைத் தொட வேண்டாம்.

இதில் அதிகம் அடிபடுபவர்கள் விமானப் பராமரிப்பு இன்ஜினீயர்களும் டெக்னீஷியன்களும். செய்த வேலைக்கான பதிவில் உரிய அதிகாரியின் கையெழுத்து இல்லாவிட்டால் அந்த அனுபவம் செய்யாததற்குச் சமம். கையெழுத்துப் போட வேண்டிய சீனியர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டால் அவரைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். இன்றைக்கு ஷிஃப்டில் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். பைலட்கள் லாக்புக்கைச் சரிபார்த்துச் சான்று வாங்குவதை அடுத்த மாதத்துக்குத் தள்ளாதீர்கள். செக்-இன், லோட் அண்ட் ட்ரிம், கார்கோ பிரிவுகளில் இருப்பவர்கள் ஆபத்தான சரக்குப் பயிற்சி, பாதுகாப்புப் பயிற்சிச் சான்றுகளின் நகலைக் கேட்டு வாங்குங்கள். இதே சான்றுகளைத்தான் கிரவுண்ட் ஹேண்ட்லிங் நிறுவனங்களும் கேட்கும்.

மருத்துவக் காப்பீட்டை யாரும் யோசிப்பதில்லை. ஜெட் நின்ற சில நாட்களில் பிரீமியம் கட்டாததால் ஊழியர்களின் குழுக் காப்பீடும் போனது. வீட்டில் டயாலிசிஸ், புற்றுநோய் சிகிச்சை, பிரசவம் என்று ஏதாவது இருந்தால் நிலைமை எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். குழு பாலிசி உயிரோடு இருக்கும்போதே அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற விண்ணப்பிக்க வழி இருக்கிறது. காத்திருப்புக் காலச் சலுகை தொடருமா என்று எழுத்தில் கேளுங்கள். பைலட்கள், மருத்துவக் காரணத்தால் லைசென்ஸ் பறிபோனால் இழப்பீடு தரும் காப்பீடு கம்பெனி வழியாக இருக்கிறதா, சொந்தமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

லைசென்ஸுக்கும் வயதாகும்

இந்தத் துறையில் மூன்று மாதம் சும்மா இருப்பது மற்ற துறைகளில் சும்மா இருப்பது மாதிரி ஆகாது. 90 நாட்களில் மூன்று டேக்-ஆஃப், மூன்று லேண்டிங் இல்லாத பைலட் பயணிகளை ஏற்றிப் பறக்க முடியாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறன் சோதனை வேறு. பராமரிப்பு இன்ஜினீயரின் கையெழுத்து உரிமைக்கு முந்தைய இரண்டு வருடங்களில் ஆறு மாத அனுபவம் வேண்டும். கேபின் க்ரூவுக்குப் பாதுகாப்புப் பயிற்சி காலாவதியாகும்.

ஜெட்டைத் திரும்பப் பறக்க வைப்பார்கள் என்ற நம்பிக்கை நீண்ட காலம் நீடித்தது. புதிய உரிமையாளர் திட்டத்துக்கு 2021-ல் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் ஒப்புதல்கூடத் தந்தது. கடைசியில் 2024 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் கம்பெனியைக் கலைத்துவிடச் சொன்னது. ஐந்தரை வருடம். சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை என்று முதல் சில மாதங்களிலேயே வேறு நிறுவனத்தில் சேர்ந்தவர்களின் லைசென்ஸ் உயிரோடு இருந்தது. “கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்” என்று இருந்தவர்களுக்கு அந்தப் பொறுமையின் விலையை யாரும் திருப்பித் தரவில்லை.

வேறு ரக விமானத்துக்கு மாறுவதாக இருந்தால் டைப் ரேட்டிங்குக்குப் பல லட்சம் ஆகும். அந்தக் கடனை எடுக்கும் முன், வேலை தரப்போகிற நிறுவனத்திடமிருந்து எழுத்து மூலமான உறுதி இருக்க வேண்டும். இன்ஜினீயர்கள் விமான நிறுவனங்களை மட்டுமே பார்க்காமல் ஓசூர், ஹைதராபாத், நாக்பூர், திருவனந்தபுரம் ஆகிய இடங்களில் உள்ள பராமரிப்பு மையங்களையும் பாருங்கள். ஒரு கம்பெனி நின்றாலும் இன்னொரு கம்பெனியின் விமானம் அங்கே வரும்.

இருப்பதா, கிளம்புவதா?

இந்தச் சமயத்தில் ராஜினாமா செய்வது துரோகம் என்று பலர் மருகுகிறார்கள். முதல் யூனிஃபார்ம் கொடுத்த கம்பெனி, கூடப் பறந்த நண்பர்கள். அந்தப் பாசம் எனக்குப் புரிகிறது, அதை மதிக்கிறேன். ஆனால் சம்பளம் தராத நிறுவனத்துக்கு வேலை செய்யும்போது நீங்கள் அதற்கு வட்டியில்லாக் கடன் கொடுக்கிறீர்கள், அதுவும் உங்கள் குழந்தையின் பள்ளிக் கட்டணத்திலிருந்து. கிங்ஃபிஷரில் 2012 மார்ச் முதலே பலருக்குச் சம்பளம் நின்றது. அக்டோபரில் கம்பெனி முழுதும் நிற்கும்வரை அவர்கள் வேலைக்கு வந்துகொண்டிருந்தார்கள்.

என் கருத்து இது: ஒரு மாதச் சம்பளம் தாமதமானால் விண்ணப்பிக்கத் தொடங்குங்கள். இரண்டு மாதம் பாக்கியானால், கையில் வந்த நல்ல வேலையை விடாதீர்கள். கிராஜுவிட்டிக்குரிய ஐந்து வருடம் முடிய ஒன்றிரண்டு மாதமே இருந்தால் மட்டும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நெருக்கடியில் திடீரெனக் கூடுதல் தொகை தருவதாகச் சொல்லும் கடிதத்தை எச்சரிக்கையோடு படியுங்கள். விமானங்கள் நின்ற பிறகும் பைலட்களைத் தக்கவைக்க கோ ஃபர்ஸ்ட் கேப்டனுக்கு மாதம் 1 லட்சம், துணை விமானிக்கு 50,000 ரூபாய் கூடுதலாகத் தருவதாக அறிவித்தது. 2025 ஜனவரியில் தீர்ப்பாயம் அந்தக் கம்பெனியைக் கலைக்க உத்தரவிட்டது.

பைலட்களுக்கு நோட்டீஸ் பீரியட் பெரிய தடை: டி.ஜி.சி.ஏ.யின் 2017 விதிப்படி கேப்டனுக்கு ஒரு வருடம், துணை விமானிக்கு ஆறு மாதம். ஆகவே ராஜினாமா முடிவைக் கடைசி நிமிடத்துக்கு வைக்க முடியாது. சம்பளப் பாக்கியை ஒவ்வொரு மாதமும் மெயிலில் கேட்டுப் பதிவு செய்துகொண்டே வாருங்கள். சீக்கிரம் விடுவிக்கச் சொல்லிக் கேட்கும்போது அந்த மெயில்கள் துணை நிற்கும். கிளம்பும்போது ரிலீவிங் லெட்டரும் அனுபவச் சான்றும் வாங்காமல் வெளியே வராதீர்கள். வளைகுடா நிறுவனங்கள் இவற்றை நுணுக்கமாகச் சரிபார்க்கும்.

வீட்டுக் கடன், படிப்புக் கடன் தவணை தவறுவதற்கு முன்பே வங்கிக்குப் போய்ப் பேசுங்கள். தவறிய பிறகு போனால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். மூன்று மாதம் சம்பளம் வராதவர் ராத்திரி ஷிஃப்டில் இன்ஜினைத் திறக்கிறார். தவணை கட்ட வழியில்லாதவர் காக்பிட்டில் உட்கார்கிறார். மனம் நிலையில்லாத நாளில் “இன்று நான் பணிக்குத் தகுதியாக இல்லை” என்று சொல்வது கோழைத்தனம் ஆகாது. பணியின் விதியே அதைத்தான் கேட்கிறது. பக்கத்து சீட்டுக்காரர் அப்படிச் சொன்னால் கேலி செய்யாமல் அவருக்குத் துணை நில்லுங்கள். வீட்டில் மனைவியிடமோ கணவரிடமோ கணக்கை மறைக்க வேண்டாம்.

கடைசியில் தீர்ப்பாயத்துக்குப் போனால்

சின்ன கம்பெனிகள் பெரிய சத்தமில்லாமலே நின்றுவிடுகின்றன; சென்னையின் பாரமவுண்ட் 2010-லும் கோவையின் ஏர் கார்னிவல் 2017-லும் அப்படித்தான். பெரிய கம்பெனி தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போகும். அந்த மனு ஏற்கப்பட்டதும் கடன் வசூல் வழக்குகளுக்குத் தடை வரும், நிர்வாகம் ஒரு திவால் தீர்வு அதிகாரியிடம் போகும். அவர் பத்திரிகையில் பொது அறிவிப்பு வெளியிடுவார். ஊழியர்கள் தங்கள் பாக்கியை ஃபார்ம் டி-யில் தாக்கல் செய்ய வேண்டும். காலக்கெடு குறுகியது, சோம்பல்படாதீர்கள். சம்பளம், விடுப்புப் பணம், அலவன்ஸ், நோட்டீஸ் பணம், கிராஜுவிட்டி எல்லாவற்றையும் தனித்தனியாகக் காட்டுங்கள்.

கம்பெனி கலைக்கப்பட்டால் யாருக்கு முதலில் பணம் என்று சட்டம் வரிசை வைத்திருக்கிறது. தொழிலாளர் என்ற வகையில் வருபவரின் கடைசி 24 மாதப் பாக்கி, அடமானம் வைத்திருக்கும் வங்கிகளுக்கு இணையான இடத்தில் நிற்கிறது. மற்ற ஊழியர்களுக்கு 12 மாதப் பாக்கிதான், அதுவும் அதற்கு அடுத்த படியில். நீங்கள் எந்த வகை என்பதைத் தொழிலாளர் சட்ட வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள். சங்கம் மூலம் பத்துப் பேர் சேர்ந்து போனால் கட்டணம் தாங்கும். பி.எஃப்., கிராஜுவிட்டி நிதி இந்த வரிசைக்கு வெளியே நிற்பவை. ஜெட் வழக்கில் இவற்றை ஊழியர்களுக்குக் கொடுத்தாக வேண்டும் என்று 2022-ல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சொன்னது, 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

திவால் நடவடிக்கை ஓடும் காலத்தில் உங்களை வேலைக்கு அழைத்தால் வருகைப் பதிவு, ரோஸ்டர், மெயில் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். அந்தக் காலத்தில் உண்மையாக வேலை செய்தவருக்குத்தான் அந்த மாதச் சம்பளம் முன்னுரிமைச் செலவில் சேரும் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்வு அதிகாரி ஏற்றுக்கொண்ட உரிமைகோரல்களின் பட்டியல் வெளியானதும் உங்கள் பெயருக்கு நேரே உள்ள தொகையைப் பாருங்கள். குறைந்திருந்தால் காரணம் கேட்டு அன்றே எழுதுங்கள்.