ஒரே முறையில் ஒரு காட்சி

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயின்ற கிறிஸ்டோபர் நோலன், அங்கிருந்த திரைப்படச் சங்கத்தில் 16 மி.மீ. ஒளிப்பதிவுக் கருவியைக் கையாளப் பழகினார். பின்னர், நண்பர்களோடு இணைந்து 'ஃபாலோயிங்' என்னும் கருப்பு வெள்ளை மர்மப் படத்தை உருவாக்கினார். அது 1998ஆம் ஆண்டு வெளிவந்தது. முன்பின் அறியாதவர்களைப் பின்தொடரும் இளைஞன் ஒருவன், திருடனின் சூழ்ச்சியில் சிக்குவதே அதன் கதை.

எழுத்து, இயக்கம், ஒளிப்பதிவு ஆகிய மூன்றையும் நோலனே ஏற்றார். குழுவினர் பணிக்குச் செல்பவர்கள். ஆகவே, சனிக்கிழமைகளில் மட்டும் ஏறத்தாழ ஓராண்டு படப்பிடிப்பு நடந்தது. படச்சுருளுக்கே மிகுதியாகச் செலவாயிற்று; அதனை அவர் தம் ஊதியத்திலிருந்து ஈடுசெய்தார். சுருளை வீணாக்க இயலாத நிலையில், நடிகர்கள் பலமுறை ஒத்திகை பார்த்தனர். ஓரிரு முறைக்குள் காட்சி பதிவாயிற்று. விலையுயர்ந்த விளக்குகள் இல்லை. கிடைத்த ஒளியைக் கொண்டே பெரும்பாலான காட்சிகளை எடுத்தார்.

பணமின்மை திட்டமிடலையும், சுருளின் அருமை ஒத்திகையையும், விளக்கின்மை ஒளியை உற்றுநோக்கும் திறனையும் கற்பித்தன. இன்று கைப்பேசியில் ஒரு காட்சியை எத்தனை முறையும் எடுக்கலாம், பிடிக்காவிடில் அழிக்கலாம். ஆயினும், 'இனி ஒருமுறை எடுக்க இயலாது' என்னும் எண்ணம் தரும் கவனத்தைக் கருவி தாராது. அதனை மாணவரே தமக்கு விதித்துக்கொள்ள வேண்டும்.