கடைக்குப் பெயர் சூட்டுமுன்

அந்நிய தேசத்தில் பிரசித்தி பெற்ற வணிகச் சின்னமொன்று இந்தியாவில் பதிவாகவில்லை என்பதையே ஆதாரமாகக் கொண்டு, அப்பெயரைத் தம் வியாபாரத்துக்குச் சூட்டிக்கொள்வது அபாயகரமானது.

● அந்நிய நிறுவனத்தின் கீர்த்தி இங்கும் பரவியிருந்ததை முன்னிட்டு, 'வேர்ல்பூல்' வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் அதற்கே பாதுகாப்பளித்தது. ஆனால், அத்தகைய கீர்த்தி போதிய அளவு நிரூபணமாகாமையால், 'பிரியஸ்' வழக்கில் 2017-இல் டொயோட்டா தோற்றது.

● பெயர்ப்பலகை எழுதுமுன், இந்திய வணிகச் சின்னப் பதிவகத்தின் இணையத் தேடலிலும், உலக அறிவுசார் சொத்து அமைப்பின் இலவசத் தரவுத்தளத்திலும், எழுத்தில் மட்டுமன்றி உச்சரிப்பிலும் ஒத்தவற்றைத் தேடுக.

● பதிவின் உரிமை அந்தந்தத் தேசத்தின் எல்லைக்கு உட்பட்டதாதலால், ஏற்றுமதி உத்தேசமுடையோர் சரக்குச் செல்லும் நாடுகளிலும் ஆராய்க.

● கம்பெனிப் பெயர் பதிவானது மட்டுமே வணிகச் சின்ன உரிமையாகாது.

சந்தேகம் எழுமாயின், முதலீடு செய்யுமுன்பே வேறு பெயரைத் தேர்ந்துகொள்வதே விவேகம்.