பீரோவுக்குள் ஒரு ப்ரொஜெக்டர்

போன மாதம் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் ஒரு போன். என்னிடம் இடைநிலை ஆசிரியையாக வேலை பார்த்து, இப்போது பக்கத்து ஒன்றியத்தில் எச்.எம். ஆகியிருக்கும் பெண். "டீச்சர், வாட்ஸ்அப்ல ஒண்ணு அனுப்பியிருக்கேன். நெசமா அது?" திறந்து பார்த்தேன். வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்று கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஐந்து லட்சம் ரூபாய் மானியம் தருகிறதாம். பதிவுக் கட்டணம் 2,500 ரூபாயை அன்றிரவு பன்னிரண்டு மணிக்குள் ஜிபேயில் அனுப்ப வேண்டுமாம். அவள் சொந்தக் காசை அனுப்பத் தயாராக உட்கார்ந்திருக்கிறாள்.

"கொடுக்கறவன் உன்கிட்ட எதுக்கும்மா பணம் கேக்கறான்?" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

அவள் ஏமாளி இல்லை. பள்ளிக்கான பணம் எங்கோ தொலைவில் இருக்கிறது, அதற்கு ஒரு ரகசிய வழி இருக்கிறது, அது நமக்கு மட்டும் தெரியவில்லை என்று ஆசிரியர்கள் பலரும் நம்புகிறோம். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்த காலத்தில் நானும் இதில் பாதியை நம்பியவள்தான்.

"நம்ம மாதிரி சின்னப் பள்ளிக்கு என்ன வரப்போகுது?"

வரும். 2018இல் தொடங்கிய சமக்ர சிக்ஷா திட்டத்தில் அரசுப் பள்ளிகளுக்கு ஒருங்கிணைந்த பள்ளி மானியம் உண்டு. தலைக்கணக்கை வைத்துத்தான் தொகை. 30 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு 10,000 ரூபாய், 31 முதல் 100 வரை 25,000, 101 முதல் 250 வரை 50,000, அதற்கு மேல் 1,000 பேர் வரை 75,000. இதில் பத்தில் ஒரு பங்காவது தூய்மைப் பணிக்குப் போக வேண்டும். தொடக்கப் பள்ளி நூலகத்துக்கு 5,000 வரை தனியாக, விளையாட்டுப் பொருளுக்கு 5,000 வரை தனியாக.

கணக்கில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். முப்பது பிள்ளைகள் என்றால் பத்தாயிரம், முப்பத்தொன்று என்றால் இருபத்தைந்தாயிரம். அந்த ஒற்றைப் பிள்ளையின் மதிப்பு பதினைந்தாயிரம் ரூபாய்! ஜூன் மாதம் ஆசிரியர்கள் செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டும் இடத்துக்கும் பிள்ளை தேடிப் போவதற்கு மனசாட்சி ஒரு காரணம் என்றால் இது இன்னொரு காரணம்.

சாக்பீஸ், பதிவேடுகள், கரண்ட் பில், பினாயில், துடைப்பம், உடைந்த குழாய், கற்பித்தல் கருவி எல்லாம் இந்தப் பணத்தில்தான். பெரிய தொகை இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். நேரத்துக்கு வராது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். 2024-25ஆம் ஆண்டுக்கு மத்திய அரசு தமிழ்நாட்டுக்குத் தர வேண்டிய சுமார் 2,152 கோடி ரூபாய், பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்ட விவகாரத்தில் நின்றுபோனது. 2025 மே மாதம் மாநில அரசு உச்ச நீதிமன்றம் வரை போனது. மேலே சண்டை நடக்கும்போது கீழே சாக்பீஸ் வாங்குவது எச்.எம்.மின் கைப்பணம்.

ஆனால் வந்த பணத்தைச் செலவழிக்காமல் விடுவதும் நடக்கிறது, அதுதான் எனக்குப் பொறுக்காது. தணிக்கைக்குப் பயந்து பிப்ரவரி வரை தொடாமல் வைத்திருந்துவிட்டு, மார்ச் கடைசி வாரத்தில் ஒன்றியத்து எச்.எம்.கள் எல்லாரும் ஒரே ஸ்டேஷனரிக் கடை வாசலில் நிற்போம். அன்றைக்குக் கடையில் என்ன இருக்கிறதோ அதுதான் அந்த வருடத்துப் பள்ளித் தேவை. நிதியாண்டு முடிந்தால் மிச்சம் கணக்கில் தங்காது, வந்த வழியே திரும்பிவிடும்.

"மானியமெல்லாம் எச்.எம். பாக்கெட்டுக்குத்தான்"

டீக்கடைப் பேச்சு. அப்படிப்பட்ட ஆசாமிகள் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் ஏற்பாடு அப்படி இல்லை. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவைக் கட்டாயமாக்கியது. நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். 22ஆம் பிரிவு, அந்தக் குழு பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிக்க வேண்டும் என்கிறது. தலைவர் பெற்றோரில் ஒருவர். அவர் கையெழுத்து இல்லாமல் எச்.எம். மட்டும் பணம் எடுக்க முடியாது.

நடைமுறையில் என்ன நடக்கும்? தீர்மானப் பதிவேட்டை வீட்டுக்குக் கொடுத்தனுப்பிக் கையெழுத்து வாங்குவோம். நானும் செய்திருக்கிறேன். அதை நிறுத்த வைத்தவர் எங்கள் குழுத் தலைவி. நூறு நாள் வேலைக்குப் போகிறவர், ஐந்தாவது வரை படித்தவர். மேம்பாட்டுத் திட்டத்தில் நான் அழகான கையெழுத்தில் 'கழிப்பறை வசதிகளை மேம்படுத்துதல்' என்று எழுதியிருந்தேன். எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு அவர் கேட்டார்: "மேம்படுத்துறதுன்னா என்னா டீச்சர்? பொம்பளப் புள்ளைங்க கக்கூஸுக்குத் தாப்பா இல்ல. ஒருத்தி உள்ள போனா இன்னொருத்தி வெளிய கதவப் புடிச்சிக்கிட்டு நிக்கிறா. அத எழுதுங்க."

தாழ்ப்பாள் விலை நூற்றெண்பது ரூபாய். திருகாணியும் ஆசாரி கூலியும் தனி. வருடக்கணக்காக 'மேம்படுத்துதல்' என்று எழுதி அனுப்பியும் வராத தாழ்ப்பாள், அந்த வாரமே வந்தது. நிதி கேட்கும் கடிதம் எழுதுவது பற்றி எந்தப் பயிற்சியிலும் எனக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்கவில்லை.

"கூரை ஒழுகுது, கல்வித் துறைக்கு எழுதிப் போட்டாச்சு"

எழுதிப் போட்ட இடம் தப்பு. ஊராட்சி ஒன்றியப் பள்ளிக் கட்டடம் ஒன்றியத்தின் பொறுப்பு. வட்டாரக் கல்வி அலுவலருக்கு நகல் போகட்டும், மனு பி.டி.ஓ. மேசைக்குப் போக வேண்டும். குழுத் தீர்மானத்தை கிராம சபையில் வைத்து அங்கேயும் தீர்மானமாக்கினால் அதன் கனமே வேறு. வருடத்துக்கு ஆறு கிராம சபை நடக்கிறது, நம் ஆசிரியர்களில் எத்தனை பேர் கொடியேற்றி மிட்டாய் கொடுத்த பிறகு அங்கே போய் உட்காருகிறோம்?

எம்.எல்.ஏ. தொகுதி மேம்பாட்டு நிதி வருடத்துக்கு 3 கோடி, எம்.பி. நிதி 5 கோடி. வகுப்பறை, சுற்றுச்சுவர் போன்ற நிலையான வேலைகளுக்கு இவற்றில் கேட்கலாம். 'நமக்கு நாமே' திட்டத்தில் ஊர் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும். 'ஊரில் ஒருத்தரும் தரமாட்டார்' என்கிறவர்கள், கோயில் கும்பாபிஷேகத்துக்கு அதே ஊரில் எவ்வளவு வசூலானது என்று ஒருமுறை விசாரிக்கட்டும்.

"கம்பெனிக்காரன் பட்டணத்துப் பள்ளிக்குத்தான் தருவான், இங்கிலீஷ்ல ப்ரொபோசல் எழுதணும்"

2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டம், 135ஆம் பிரிவு. நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி: இவற்றில் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும். கல்வியும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அவர்களுக்கும் இது செலவழித்தே ஆக வேண்டிய பணம். நாம் கைகட்டி நிற்க வேண்டியதில்லை.

அவர்கள் கேட்பது பெரும்பாலும் மூன்று கேள்விகள். எத்தனை பிள்ளைகள், என்ன இல்லை, கொடுத்த பிறகு யார் பார்த்துக்கொள்வார்கள். தமிழில் ஒரு பக்கம், இரண்டு போட்டோ, குழுத் தீர்மானத்தின் நகல் போதும், மொழிபெயர்க்க அவர்களிடம் ஆள் இருக்கிறது. பொருளாக அவர்களே வாங்கித் தரலாம். ஏதாவது சங்கத்தின் வழியாகப் பணம் வரப்போகிறது என்றால் மட்டும், அந்தச் சங்கம் சிஎஸ்ஆர்-1 பதிவு வைத்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். 2021 ஏப்ரலிலிருந்து அது கட்டாயம். நிறுவனங்களையும் முன்னாள் மாணவர்களையும் அரசுப் பள்ளிகளோடு சேர்த்துவைக்க 2022 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டமும் இருக்கிறது.

முன்னாள் மாணவரிடம் கேட்பதை அவமானமாக நினைப்பவர்களுக்குப் பழைய கதை ஒன்று. காமராசர் ஆட்சியில், 1950களின் கடைசியில், கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடத்தினார். நாற்காலி, மணி, கடிகாரம், நிலம் என்று மக்கள் தங்களால் ஆனதைக் கொடுத்தார்கள். இன்றும் பல ஊர்களில் 'கல்விச் சீர்' என்று மேளதாளத்தோடு வருகிறார்களே, தாம்பூலத் தட்டில் பழமும் பின்னால் மினிவேனில் பீரோவும் மின்விசிறியுமாக! பெண்ணுக்குச் சீர் செய்வதுபோல் பள்ளிக்குச் செய்யும் ஊரில் கேட்பதற்கு என்ன கூச்சம்?

"சிங்கப்பூர்ல இருக்கற பையன் அனுப்புவான்"

அனுப்பட்டும். அவர் கையில் இருப்பது எந்த நாட்டு பாஸ்போர்ட் என்று முதலில் கேளுங்கள். இந்தியக் குடிமகனாக இருந்துகொண்டு அங்கே சம்பாதித்த சொந்தக் காசை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடைக் கணக்கில் வராது. சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கியவர் என்றால், ஓசிஐ அட்டை இருந்தாலும், சட்டப்படி அவர் வெளிநாட்டு மூலம். எஃப்சிஆர்ஏ என்னும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் பதிவு இல்லாத நம் முன்னாள் மாணவர் சங்கம் அவரிடம் பணம் வாங்கக் கூடாது. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த இரண்டு பேரில் ஒருவர் பணம் ஆகும், இன்னொருவர் பணம் ஆகாது. எரிச்சல்தான், ஆனால் சட்டம் அது.

"இலவசம்தானே, வாங்கி வைப்போம்"

எங்கள் பள்ளிக்கு ஒரு ப்ரொஜெக்டர் வந்தது. கொடுத்தவர்கள் நல்லவர்கள். ரிப்பன் கட்டி, போட்டோ எடுத்து, சமோசா சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். வகுப்பறைக்கு மேற்குப் பக்கம் நான்கு ஜன்னல், திரை கிடையாது. வெயிலில் சுவரில் ஒன்றும் தெரியாது. ப்ளக் பாயின்ட் எதிர்ச் சுவரில், ஒயர் எட்டாது. கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஒயரை எலி கடித்தது. நான் ஓய்வு பெற்ற அன்று பீரோ சாவியை ஒப்படைக்கும்போது அது அட்டைப்பெட்டியோடு உள்ளே இருந்தது. இருப்புப் பதிவேட்டில் 'நல்ல நிலையில்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பொய்யில்லை, பயன்படுத்தாத பொருள் நல்ல நிலையில்தான் இருக்கும். ஜன்னல் திரையும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் வேண்டும் என்று அன்றே அவர்களிடம் கேட்டிருந்தால் மறுத்திருக்கமாட்டார்கள். கொடுக்கிற கையில் குறை சொல்வதா என்று வாய் வரவில்லை.

"நெட்ல இருக்கறதெல்லாம் இலவசம்"

திறந்து பார்க்க இலவசம், அச்சடித்துக் கொடுக்க எல்லாம் இலவசம் இல்லை. வகுப்பில் பாடம் நடத்தும் தேவைக்கு ஆசிரியர் பிரதி எடுப்பதை 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டமே அனுமதிக்கிறது. ஒரு பதிப்பாளரின் கதைப் புத்தகத்தை முழுதாக ஜெராக்ஸ் போட்டு வட்டாரம் முழுக்க விநியோகிப்பது வேறு.

அந்தக் கவலையே இல்லாத சரக்கு நிறைய இருக்கிறது. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய 'ஸ்டோரிவீவர்' தளத்தில் தமிழ்க் கதைகள் வாசிப்புத் திறன் வாரியாக நான்கு நிலைகளில் கிடைக்கின்றன. எழுதியவர், படம் வரைந்தவர் பெயரை விடாமல் போட்டால் அச்சடிக்கலாம், மொழிபெயர்க்கலாம், நம் ஊர்ப் பேச்சுக்கு மாற்றி எழுதவும் செய்யலாம். பழைய செருப்பு, தீப்பெட்டி, ஸ்ட்ராவை வைத்து அறிவியல் பொம்மை செய்யக் கற்றுத்தரும் அரவிந்த் குப்தாவின் தளமும் முழுக்க இலவசம். அவருக்கு 2018இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

கடைசியாக, பள்ளிக்கே வந்து கட்டுப் பிரிக்காமல் கிடப்பவை. நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான 'ஊஞ்சல்' இதழ். வாசிப்பு இயக்கத்தின் குட்டிப் புத்தகங்கள்: நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாகப் பிரித்துப் போட்டவை. கிழிந்துபோனால் யார் பதில் சொல்வது என்று பூட்டி வைக்கிறோம். கிழியட்டுமே. கிழிந்த புத்தகம் யாரோ படித்த புத்தகம்.

அந்த எச்.எம். பெண் நேற்று ஒரு படம் அனுப்பியிருந்தாள். அவர்கள் பள்ளித் தீர்மானப் பதிவேட்டின் பக்கம். 'சத்துணவுக் கூடத்துக்கு வெளியே கை கழுவும் இடத்தில் மூன்று குழாயில் இரண்டில் தண்ணீர் வரவில்லை. காலை உணவு முடிந்து வகுப்புக்கு வர இருபது நிமிடம் ஆகிறது. இரண்டு குழாய், பதினைந்து அடி பைப் தேவை.' கீழே பதினோரு கையெழுத்து, இரண்டு கைநாட்டு.