பேஸ் கிதார்: கட்டை விரலுக்கு என்ன வேலை?

தம்பி தங்கைகளே, ஜாசினோ அலோர் காஜாவோ, தோட்டக் கோயில் என்றால் பெரும்பாலும் தகரக் கூரைதான். எதிரொலி அதிகம். வெள்ளிக்கிழமை பஜனையில் "சத்தத்தைக் குறைப்பா, பாட்டே கேட்கல" என்று பெரியவங்க சொன்னால் உடனே ஆம்ப்ளிஃபையரைத் திருகாதீங்க. மீட்டும் கையின் கட்டை விரலைப் பாருங்க.

மீட்டாத தந்தியும் கூடவே அதிரும். தடித்த ‘இ’ தந்தி (நொடிக்குச் சுமார் 41 அதிர்வு) இழுத்துக்கொண்டே இருந்தால் தபேலாவின் சொல் மங்கிப்போகும். அதை அடக்குவது கட்டை விரல்தான்.

‘இ’ தந்தியை மீட்டும்போது கட்டை விரல் பிக்கப் மேல் இருக்கட்டும். ‘ஏ’க்கு வந்தால் அது ‘இ’ மேல் இறங்கணும். ‘டி’க்குப் போனால் ‘ஏ’ மேல் சாய்ந்து ‘இ’யையும் தொட்டுக்கொண்டிருக்கணும். ‘ஜி’க்கும் அதே இடம் போதும், மீட்டிய விரல் ‘டி’ மேல் வந்து நின்று அதை அடக்கிடும். அழுத்த வேண்டாம், சாய்ந்தாலே போதும்.

அமெரிக்காவின் லாரி கிரஹாம் தம் தாயாரோடு வாசித்தபோது டிரம் ஆள் இல்லாமல் போனது. கட்டை விரலால் தந்தியை அடித்தே தாளம் கொடுத்தார், அதுதான் ஸ்லாப். நம்மிடம் தபேலா இருக்கு, பஜனைக்கு அது வேண்டாம் என்பேன்.

மெதுவான பாட்டுக்கு, உள்ளங்கை ஓரத்தை பிரிட்ஜ் அருகே வைத்து, கட்டை விரலாலேயே மீட்டுங்க. ‘தும்’ என்று அடங்கி ஒலிக்கும். முதலில் ஒரு வாரம் தபேலாக்காரரோடு மட்டும் உட்கார்ந்து பழகுங்க.