ருக்மிணியிடம் யார் கேட்டார்கள்?

வ.வே.சு. ஐயரின் ‘குளத்தங்கரை அரசமரம்’ கதையைச் சேதராப்பட்டில் எங்கள் ஒன்பதாம் வகுப்பில் வாசித்துக் காட்டினேன். ஆங்கிலேய அரசுக்குத் தப்பி 1910இல் புதுச்சேரிக்கு வந்து தங்கியவர் ஐயர். அக்காலத்தில் எழுதிய இக்கதை 1915இல் ‘விவேகபோதினி’யில் வெளிவந்தது. தமிழின் முதல் சிறுகதை எனப் பலரும் குறிப்பிடுவதால், நாமும் அந்த ஒரு மதிப்பெண் விடையோடு நிறுத்திவிடுகிறோம்.

கதையைச் சொல்வது ஓர் அரசமரம். தாகூரின் கதை ஒன்றில் படித்துறை பேசுவதைப் போன்றது இது. பேசுவது மரமானாலும் பேசப்படுவது அன்றாட வாழ்க்கைதான். சிறுவயதில் மணமான ருக்மிணியின் தந்தை, அர்பத்நாட் கம்பெனி முறிந்ததில் செல்வத்தை இழக்கிறார். அது 1906இல் சென்னையில் உண்மையாகவே நடந்த முறிவு. பணம் போனதும் மாமியார் வீட்டார் மகனுக்கு வேறு பெண் பார்க்கிறார்கள். கணவன் நாகராஜனோ, திருமணத்துக்கு இசைவது போல் நடித்து, கடைசி நேரத்தில் ருக்மிணியோடு சேர்ந்துவிட எண்ணுகிறான். அதை நண்பனிடம் சொன்னவன் மனைவியிடம் சொல்லவில்லை. அவள் குளத்தில் உயிரை விடுகிறாள்.

“யார் மீது தவறு?” என்று கேட்டேன். மாமியார் மீது என்றனர் பலர். ஒரு மாணவி மட்டும், “டீச்சர், கடைசி வரைக்கும் அவளுக்கு என்ன வேணும்னு யாருமே கேக்கலையே” என்றாள். என் பாடக்குறிப்பில் இது இல்லை.

உடனே கரும்பலகையில் இரண்டு கட்டங்கள் வரைந்தோம்: ருக்மிணிக்காக முடிவெடுத்தவர்கள், அவளைக் கேட்டு முடிவெடுத்தவர்கள். முதல் கட்டம் நிரம்பியது. அன்பான கணவனின் பெயரும் அதில்தான் வந்தது. இரண்டாவது காலியாகவே இருந்தது. பெண்ணியம் என்ற சொல்லை எழுதாமலேயே மாணவர்களுக்கு அது புரிந்தது.

அன்று மாலை அந்த மாணவி தயங்கி நின்றாள். பத்தாம் வகுப்பு முடித்த அக்காவின் படிப்பை நிறுத்தி, திருமணம் பேசுகிறார்களாம். தலைமையாசிரியரும் நானும் வீட்டுக்குச் சென்றோம். பெற்றோரிடம் பேசுமுன் அக்காவிடம் கேட்டோம். “படிக்கணும்” என்றாள். இப்போது பதினொன்றாம் வகுப்பில் இருக்கிறாள்.

இக்கதையை நடத்தும் ஆசிரியர்கள் அதன் முடிவைத் தியாகமாக விளக்க வேண்டாம். ருக்மிணி யாரிடம் உதவி கேட்டிருக்கலாம் என்று ஒரு பக்கம் எழுதச் சொல்லலாம். 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணையும் கரும்பலகையில் எழுதலாம். அரசமரத்தால் பார்க்க மட்டுமே முடிந்தது. நம்மால் கேட்கவும் முடியும்.