கோடை கற்பிக்கும் மூன்று பாடங்கள்

சித்திரை பிறந்தவுடன் நம் நாவில் முதலில் வருவது ‘அப்பப்பா, என்ன வெயில்!’ என்னும் சலிப்புதான். கத்திரி தொடங்கி விட்டாலோ, வெயிலைத் திட்டுவதே பலருக்கு அன்றாட வேலையாகி விடுகிறது. காலத்தை ஏசலாகாது என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். இரவையும் பகலையும் மாறி மாறி வரச் செய்பவன் அல்லாஹ் அல்லவா? மேலும், எந்த வெயிலை நாம் வெறுக்கிறோமோ அந்த வெயிலில்தான் நம் உணவுக்குரிய சுவையும், நம் தாகத்துக்குரிய மருந்தும் விளைகின்றன. சென்னைக்குத் தெற்கே கேளம்பாக்கம், கோவளம் பகுதிகளில் வாழ்வோர் இதனைக் கண்ணாலேயே காணலாம்.

உப்பு: அளவின் பாடம்

கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் செல்லும் சாலையோரம், முட்டுக்காட்டுக் கழியை அடுத்த நிலம் நெடுங்காலமாக உப்பு விளைந்து வந்த பூமி. உவர்நீரைப் பாத்தியில் தேக்கி விட்டால் உப்பு தானே வந்துவிடும் என்று நாம் எண்ணுகிறோம். அப்படியன்று. ஒரு லிட்டர் கடல்நீரில் உள்ள உப்புகளின் அளவு ஏறத்தாழ 35 கிராம்தான். அந்த நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றி, வெயிலில் காயவிட்டு, சிறுகச் சிறுகச் செறிவாக்க வேண்டும். பாமே என்னும் மானியில் சுமார் 25 டிகிரி வந்த பின்னரே நல்ல உப்பு படியத் தொடங்கும். போதிய செறிவு வருமுன் அவசரப்பட்டால் உப்பு இல்லை. அளவு மீறிக் காயவிட்டாலோ மக்னீசிய உப்புகளும் சேர்ந்து கசந்துவிடும். ஆகவே, உரிய நேரத்தில் மிச்ச நீரை வடித்து விடுகிறார்கள்.

சகோதரர்களே! உப்பு உண்டாவதிலேயே அளவு இருக்கிறது. உண்பதிலும் அளவு வேண்டாமா? ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், உப்பு சேர்த்தால் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உண்ணுங்கள், பருகுங்கள், ஆனால் வீண்விரயம் செய்யாதீர்கள் என்ற கருத்தை அருள்மறை என்றோ சொல்லிவிட்டது.

இன்னொன்றையும் சிந்தியுங்கள். பாத்தியில் உப்பு வாருகிறவர் உச்சி வெயிலில், கண் கூசும் வெண்மையின் நடுவே, உவர்நீரில் கால் வைத்து நிற்கிறார். கோடையில் ஒரு மழை பெய்தால் நமக்குக் குளிர்ச்சி. அவருக்கோ பல நாள் உழைப்பு கரைந்து போகிறது. சோற்றில் உப்பு ஒரு கல் குறைந்ததற்காகத் தட்டைத் தள்ளி, வீட்டுப் பெண்மணியைக் கடிந்து கொள்ளும்போது அந்த உழைப்பாளியை நினைக்கிறோமா? நாயகம் (ஸல்) அவர்கள் எந்த உணவையும் ஒருபோதும் குறை கூறியதில்லை. பிடித்தால் உண்பார்கள், பிடிக்காவிடில் விட்டு விடுவார்கள்.

பதநீர்: நேரத்தின் பாடம்

இதே கோடையில் பனைமரம் நுங்கும் பதநீரும் தருகிறது. பனையேறுபவர் பாளையைச் சீவி, கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிக் கட்டுகிறார். அதில் வடிந்ததை விடியற்காலையில் இறக்கினால் அது பதநீர். உடலுக்குக் குளிர்ச்சி, நமக்கு ஹலால். சுண்ணாம்பு தடவாத கலயத்தில் வடிந்தால், அதே சாறு புளித்துப் பொங்கிக் கள்ளாகி விடுகிறது. அது மயக்கம் தரும் ஹராம். மரம் ஒன்று, பாளை ஒன்று, சாறும் ஒன்று. இடையில் நிற்பது ஒரு சிட்டிகைச் சுண்ணாம்பும், காலம் தவறாமையுமே.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் நாயகத்துக்காகப் பேரீச்சம்பழத்தை நீரில் ஊற வைப்பார்கள். காலையில் ஊறியதை மாலையிலும், மாலையில் ஊறியதைக் காலையிலும் அருந்துவது வழக்கமாயிருந்தது. இனிப்பு புளிப்பாகி மயக்கமாக மாறுமுன் பருகிவிடும் பேணுதல் அது.

நம் பிள்ளைகளின் இளமையும் பதநீர் போன்றதே. உரிய வேளையில் ஒழுக்கமெனும் சுண்ணாம்பைத் தடவினால் அது இனிக்கும். ‘வளர்ந்தபின் பார்த்துக் கொள்ளலாம்’ என்று விட்டுவிட்டால், புளித்தபின் சுண்ணாம்பு இட்டுப் பயனென்ன?

நுங்கிலும் நமக்கோர் சுன்னத்து உண்டு. பருவத்தின் முதற்கனி தம்மிடம் கொண்டுவரப்பட்டால், நாயகம் (ஸல்) அவர்கள் பரக்கத்துக்காக துஆ செய்து, அங்கிருக்கும் மிகச் சிறிய குழந்தைக்கு அதைக் கொடுப்பார்கள். இவ்வாண்டின் முதல் நுங்கு நம் வீட்டில் யார் கைக்குப் போகிறது? அதை விற்பவரிடம் ஐந்து ரூபாய்க்குப் பேரம் பேசிவிட்டு, அடுத்த கடையில் புட்டியில் அடைத்த பானத்தை அச்சிட்ட விலைக்கு வாய் திறவாமல் வாங்குகிறோமே, இது நியாயமா? உழைத்தவனின் கூலியைத் தாமதமின்றிக் கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது.

நோன்புக் கஞ்சி: பங்கின் பாடம்

உப்பும் பதநீரும் கோடைக்குரியவை. ரமளானோ எல்லாப் பருவங்களுக்கும் உரியது. ஹிஜ்ரி ஆண்டு சூரிய ஆண்டைவிட 10 அல்லது 11 நாட்கள் குறைவு. 2018-இல் மே மாத நடுவில் தொடங்கிய ரமளான், 2026-இல் பிப்ரவரியிலேயே வந்துவிட்டது. ஏறத்தாழ 33 ஆண்டுகளில் ஒரு சுற்று முடியும். எனவே கடுங்கோடையின் நோன்பு ஒருவர் வாழ்நாளில் இரண்டொரு சுற்றுத்தான் வரும். அந்த நோன்பின் தாகம் அறிந்தவனே ஒரு குவளை நீரின் அருமையை அறிவான்.

நம் தமிழகத்துப் பள்ளிவாசல்களின் தனிச் சிறப்பு நோன்புக் கஞ்சி. பச்சரிசி நொய், பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, இஞ்சி, தேங்காய்ப்பால், இயன்றால் சிறிது கொத்துக்கறி. பகல் முழுதும் வெறுமையாயிருந்த வயிற்றுக்கு இதமான உணவு. குழம்பு சமைத்தால் நீரைச் சற்றுக் கூட்டி அண்டை வீட்டாரையும் கவனிக்குமாறு அபூதர் (ரலி) அவர்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். கஞ்சி அண்டா அந்த அறிவுரையின் உருவமே. ஒரு குவளை நீர் கூடினால் ஒரு வயிறு கூடும். அதனால்தான் அஸருக்குப்பின் தூக்குச் சட்டியோடு வரும் வரிசையில் ஏழை, செல்வர், மாற்றுமதச் சகோதரர் என்ற பேதமில்லை.

ஆனால் ஒருவரே மூன்று பாத்திரங்களை நிரப்பிச் செல்ல, வரிசையின் கடைசியில் நிற்கும் சிறுவன் வெறுங்கையோடு திரும்பினால், அந்தக் கஞ்சியில் பரக்கத் எங்கே? பகலில் பசியைப் பழகிவிட்டு, மாலையில் வடையும் சமோசாவுமாக வயிற்றை நிரப்பி, தராவீஹில் நிற்க முடியாமல் தவிப்பதும் நோன்பின் நோக்கமன்று.

அன்பர்களே! அளவோடு உண்பது, காலத்தில் செய்வது, பிறரோடு பகிர்வது: கோடை கற்பிக்கும் பாடங்கள் இவை மூன்றே. இவ்வாண்டு வெயிலைத் திட்டும் வாயால் ஒருமுறை ‘அல்ஹம்துலில்லாஹ்’ சொல்லிப் பாருங்கள். வாசலில் வரும் நுங்கு வியாபாரிக்கு முதலில் ஒரு செம்பு தண்ணீர் கொடுங்கள். பிறகு விலை கேளுங்கள். அல்லாஹ் நம் உணவிலும் உழைப்பிலும் பரக்கத் செய்வானாக! ஆமீன்.